வீட்டு ஸ்டீரியோவுக்கு ஏற்ற ஆம்பிளிபயர் எது?

இசையை விரும்பாத இல்லம் அரிது. நல்ல பாடலை நல்ல ஒலியில் கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஸ்டீரியோ வாங்கப் புறப்படும் குடும்பத்தினர், கடையில் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை வாட்?" என்பதே. எண் பெரிதாகப் பெரிதாக விலையும் பெரிதாகிறது. அந்த எண் மெய்தானா, அவ்வளவு நமக்குத் தேவைதானா என்று ஆராய்வோர் சிலரே. இதை ஆராயப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. ஓம் விதியையும் ஆற்றல் அழிவின்மை விதியையும் கற்ற மாணவி ஒருத்தி வீட்டில் இருந்தால் போதும்.

ஆம்பிளிபயரின் வேலை

கைபேசியிலிருந்தோ குறுந்தட்டுக் கருவியிலிருந்தோ வரும் மின்சைகை மிக மெலிந்தது. ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் அசைக்க அதற்கு வலுவில்லை. ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். மதகின் பலகையை ஏற்றி இறக்குவது ஒருவரின் கை. வயலுக்குப் பாயும் நீரின் வேகமோ ஏரியினுடையது. அதுபோலவே, மெலிந்த சைகை டிரான்சிஸ்டர் என்னும் மதகைத் திறந்து மூடுகிறது. வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் ஆற்றல் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் ஸ்பீக்கருக்குப் பாய்கிறது. இந்த டிரான்சிஸ்டர் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதற்கு முன் இவ்வேலையை வெற்றிடக் குழாய்களே செய்து வந்தன.

பவர் ஆம்பிளிபயர் என்பது ஸ்பீக்கரை இயக்கும் இறுதிப் பகுதி மட்டுமே. ஒலியைக் கூட்டிக் குறைப்பதும், எந்தக் கருவியைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பதும் பிரீ ஆம்பிளிபயரின் வேலை. இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கியதை இன்டக்ரேட்டட் ஆம்பிளிபயர் என்பர். முதன்முதலாக வாங்குவோருக்கு இதுவே ஏற்றது. பழைய இசைத்தட்டுகளைக் கேட்க விரும்புவோர் 'போனோ' என்ற இணைப்பு உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

இதற்கு விடை ஆம்பிளிபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கருக்கும் 'உணர்திறன்' என்ற அளவு கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே அது.

எடுத்துக்காட்டாக, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல். நாம் 2 மீட்டர் தள்ளி அமர்கிறோம். தொலைவு இரு மடங்கானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும்; அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்புவதால் அவ்வளவும் குறையாது. ஆயினும் 6 என்றே கழிப்போம். ஸ்பீக்கர்கள் இரண்டு இருப்பதால் 3 கூட்டுவோம். 87 − 6 + 3 = 84 டெசிபல். ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் கிடைக்கும் ஒலி இது! சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி முக்கியமான விதியைக் காண்போம். திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். 2 வாட்டுக்கு 87, 4-க்கு 90, 8-க்கு 93, 16-க்கு 96, 32-க்கு 99 டெசிபல். ஆகவே 50 வாட் கருவியை விட்டு 100 வாட் கருவியை வாங்கினால் ஒலி இரு மடங்காவதில்லை. 3 டெசிபல்தான் கூடுகிறது. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை.

பாட்டை 75 டெசிபலில் கேட்கிறோம் என்போம். மேளமோ தாளமோ அதிரும் நொடியில் அது 20 டெசிபல்வரை மேலே தாவக்கூடும். 95 டெசிபலுக்கு 16 வாட் போதும். சிறிது இடம் விட்டு, ஸ்பீக்கர் ஒன்றுக்கு 25 அல்லது 30 வாட் இருந்தால் இந்த அறைக்குத் தாராளம். அதற்காக மிகவும் குறைத்துவிடவும் கூடாது. சக்திக்கு மீறி முடுக்கினால் ஒலி அலைகளின் உச்சி வெட்டுப்பட்டு ஓசை கரகரக்கும். உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர் கெட்டுப்போகவும் கூடும்.

ஓம் கணக்கு

ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று எழுதியிருக்கும். இது அதன் மின்மறுப்பு. 20 வோல்ட் மின்னழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியரை இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் ஆம்பிளிபயர் மிகவும் சூடாகும். ஆகையால் ஆம்பிளிபயரில் குறித்துள்ள ஓம் அளவுக்குக் குறைந்த ஸ்பீக்கரை இணைக்கலாகாது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் ஒரே முனையில் மாட்டினால் அது 4 ஓம் ஆகிவிடும் என்பதையும் மறவாதீர்.

முன்பக்க எண்ணும் பின்பக்க எண்ணும்

சில பெட்டிகளின் முன்புறம் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பளபளக்கும் எழுத்தில் இருக்கும். அதே பெட்டியின் பின்புறம் 'மின் செலவு 30 வாட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். 30 வாட் வாங்கும் கருவி 1000 வாட்டைத் தொடர்ந்து எப்படிக் கொடுக்கும்? மின்தேக்கியில் சேமித்த ஆற்றல் நொடிப்பொழுதுக்கு உதவலாம். மிதமான ஒலியில் அளந்த மின் செலவைக் குறிப்பதும் உண்டு. ஆகவே சிறிது வேறுபாடு குற்றமன்று. முப்பதுக்கும் ஆயிரத்துக்கும் உள்ள வேறுபாட்டையோ ஆற்றல் அழிவின்மை விதி ஏற்காது. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது.

இத்தகைய விளம்பரங்களை ஒழுங்குபடுத்தவே அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-இல் தனி விதி கொண்டுவந்தது. 2024-இல் திருத்தப்பட்ட அவ்விதியின்படி, 8 ஓம் ஸ்பீக்கர் அளவில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த திரிபுடன் தொடர்ந்து தரக்கூடிய திறனையே குறிப்பிட வேண்டும். நாமும் கடையில் இதையே கேட்கலாம்: "ஒரு சேனலுக்கு ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்? எத்தனை ஓமுக்கு? எவ்வளவு திரிபில்?" விடை கிடைக்காத கருவியை விட்டு விலகுவதே நன்று.

வாங்கிய பின்

ஆம்பிளிபயர் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகவே வெளியேறும். அழகுக்காகப் பூவேலைத் துணியை அதன்மேல் விரித்தால் காற்றுத் துளைகள் அடைபடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகே கம்பிகளை இணைக்க வேண்டும். சிவப்பு முனையைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் கீழ்ச்சுருதி ஒலிகள் ஒன்றையொன்று அழித்து இசை வலுவிழக்கும்.

செவிகளையும் பேணுங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் நெறி, வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபலையும் சிறுவர்களுக்கு 75 டெசிபலையும் எல்லையாக வைக்கிறது. நம் சிறிய அறையில் ஒரே வாட் முதல் எல்லையைக் கடந்துவிடுவதை மேலே கணக்கிட்டோம்.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பர் நம் முன்னோர். அறைக்கும் ஸ்பீக்கருக்கும் தகுந்த ஆம்பிளிபயரே சிறந்தது. மாணவியரே, உங்கள் வீட்டில் இத்தகைய கருவி வாங்கும் நாளில் பெற்றோருடன் கடைக்குச் செல்லுங்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துச் சொல்லுங்கள். வகுப்பில் கற்ற இரண்டு விதிகள் அன்று குடும்பத்தின் பணத்தைக் காக்கும்.