முதன்மை எண்ணும் சுட்டியும்: 2³¹ − 1

97 ஒரு முதன்மை எண்ணா என்று கேட்டால் யோசிக்காமலே விடை சொல்வீர்கள். 2147483647 என்றால்? இது 2³¹ − 1 இன் பெறுமானம். பெருக்கிப் பார்க்காமலே இவ்வெண்ணைப் பற்றிச் சில விடயங்களை நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

முதலில் இலக்கங்களின் எண்ணிக்கை. 2 இன் மடக்கை 0.3010. எனவே 2³¹ இன் மடக்கை 31 × 0.3010 = 9.331. முழுவெண் பகுதி 9 ஆதலால் இலக்கங்கள் 10. (9 என்றே எழுதிவிட்டுப் புள்ளியை இழப்பவர்கள் பலர். ஒன்றைக் கூட்ட மறக்கவேண்டாம்.) அடுத்தது கடைசி இலக்கம். 2 இன் வலுக்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 எனச் சுழன்று வரும். 31 ஐ 4 ஆல் வகுக்க மீதி 3. ஆகவே 2³¹ எட்டில் முடியும், நமது எண் ஏழில் முடியும்.

இனி முதன்மை எண்தானா என்று பார்ப்போம். சுட்டி சேர்த்தி எண்ணாக இருந்தால் உடனே மறுத்துவிடலாம். உதாரணமாக 2¹⁵ − 1 என்பது 8⁵ − 1. அது 8 − 1 ஆல், அதாவது 7 ஆல் வகுபடும். ஆனால் இதன் மறுதலை பிழை. "சுட்டி முதன்மை எண், ஆகவே விடையும் முதன்மை எண்" என்று எழுதவே கூடாது. 11 முதன்மை எண்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

ஆகவே 31 முதன்மை எண் என்பது மட்டும் போதாது, வகுத்துப் பார்க்கவேண்டும். எதுவரை? ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கமாக எழுதினால், இரண்டுமே அதன் வர்க்கமூலத்திலும் பெரிதாக இருக்க முடியாது. இங்கு வர்க்கமூலம் 46340 இற்குச் சற்றுக் கூட. அதுவரையுள்ள முதன்மை எண்களே 4000 இற்கு மேல்! ஒயிலர் என்னும் கணித மேதை இவ்வேலையைச் சுருக்கினார். இவ்வெண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தால் அதை 62 ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டுக்கும் பொருந்துபவை 46340 வரை நானூறு கூட இல்லை. அவற்றில் எதனாலும் மீதியின்றி வகுபடாததால் இது முதன்மை எண் என 1772 இல் அறிவித்தார். அப்போது அவருடைய பார்வை ஏறக்குறைய முற்றாகப் போயிருந்தது. அதன்பின் நீண்ட காலம் இதைவிடப் பெரிய முதன்மை எண்ணை எவரும் அறிந்திருக்கவில்லை.

2024 ஒக்டோபரில் கணினிகளின் உதவியுடன் கண்டறியப்பட்டது 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இதன் இலக்கங்கள் 41024320. மேலே செய்த முறையில் 0.3010 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 41020233 என்றே வரும். முறை சரியானதே. ஆனால் 2 இன் மடக்கை 0.30103 இற்கு மிகக் கிட்டியது. நாலு தானங்களுடன் நிறுத்தும்போது விடுபடும் அந்த 0.00003, பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட சுட்டியால் பெருகி, நாலாயிரத்துக்கு மேற்பட்ட வித்தியாசமாகிவிடுகிறது.