சிறார் சிந்தனையும் நபிவழியும்

பிள்ளை "ஏன் அத்தா?" என்று கேட்டால், "பெரியவங்க பேச்சில் குறுக்கே வராதே" என்று அடக்கி விடுகிறோம். அதையே அதபு என்றும் எண்ணிக் கொள்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சபையில் நடந்ததோ வேறு.

ஒரு நாள் நபியவர்கள் தோழர்களிடம் புதிர் ஒன்று போட்டார்கள். ஒரு மரம், அதன் இலை உதிராது, முஸ்லிமுக்கு அது உவமை, அது எந்த மரம்? தோழர்களின் எண்ணம் காட்டு மரங்களின் பக்கம் சென்றது. சபையில் இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்சை என்று தோன்றியது. ஆனால் பெரியவர்கள் முன் வாய் திறக்க வெட்கப்பட்டு மௌனமாயிருந்து விட்டார்கள். பிறகு தந்தை உமர் (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னபோது, மகனின் அடக்கத்தை அவர்கள் மெச்சவில்லை. நீ அங்கே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு பிரியமாயிருந்திருக்கும் என்றே கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

ராயகிரி போன்ற மலையடிவார ஊர்களில் பேரீச்சைக்குப் பதில் பனை இருக்கிறது. மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, இந்த ஹதீஸைச் சொல்லி, பனையும் இலை உதிராத மரந்தானா என்று கேட்டுப் பாருங்கள். "காய்ந்த மட்டை விழுகிறதே!" என்பான் ஒருவன். "வேப்பிலை உதிர்வது போலவா அது?" என்பாள் தங்கை. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் நாம் கேட்க வேண்டும். விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அதுதான் நமக்குச் சிரமம்!

இதே முறையை அமெரிக்கப் பேராசிரியர் மாத்யூ லிப்மன் பள்ளிப் பாடமாக்கி, 1974-ல் நியூஜெர்சியில் அதற்கென ஒரு நிலையம் தொடங்கினார். கதையைப் படித்து, கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பி, காரணத்தோடு வாதிடுவது அவர் வழி. மலேசியாவின் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ரோஸ்னானி ஹாஷிம் இதற்குக் குர்ஆனில் வரும் 'ஹிக்மா' என்ற பெயரையே சூட்டி முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஏற்றதாக்கினார்.

ஆனால் பெற்றோருக்கு ஓர் அச்சம் உண்டு. இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, "அல்லாஹ்வைப் படைத்தது யார்?" என்று கேட்டு விட்டால்? அந்த எண்ணம் வந்தால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி அதோடு நிறுத்திக் கொள்ளும்படி நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குப் போட்ட வேலியை எல்லாக் கேள்விகளுக்கும் நாம் இழுத்துக் கட்டிவிட்டோம். அந்தக் கேள்வி வந்தாலும் அடிக்க வேண்டியதில்லை. "படைத்தவனை இன்னொருவன் படைத்தான் என்றால், அந்த இன்னொருவனைப் படைத்தது யார்? இது எங்கே போய் நிற்கும்?" என்று பிள்ளையிடமே திருப்பிக் கேட்கலாம். கொஞ்சம் யோசிக்க விட்டு, பிறகு அஊது ஓதச் சொல்லிக் கொடுக்கலாம்.