பேற்றுக்கு ஒரு பை போதும்

கேள்வி: எனக்கு எட்டு மாதம் முடிகிறது. பிள்ளைப்பேற்றுக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அம்மா இரண்டு பெரிய பாக் கட்டச் சொல்கிறா. எதை எடுப்பது, எதை விடுவது?
– ஒரு வாசகி, கொக்கிளாய்

பதில்: தங்கச்சி, ஒரு பையே போதும். கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் எல்லாம் தாண்டிப் போகிற பாதை. வார்ட்டில் கட்டிலோடு கிடைக்கிற இடமும் கொஞ்சம்தான்.

முதலில் கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், ஸ்கேன் அறிக்கை, அடையாள அட்டை. இவற்றை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுப் பையின் மேலே வையுங்கள்.

உங்களுக்கு: முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை மூன்று, உள்ளாடை, பெரிய பாட் இரண்டு பைக்கற், துவாய், சவர்க்காரம், செருப்பு, தண்ணீர்ப் போத்தல், கோப்பை.

பிள்ளைக்கு: தோய்த்து வெயிலில் காயவிட்ட பருத்திச் சட்டை, நப்கின், தொப்பி, போர்த்தத் துணி. ஒரு சோடியைத் தனி உறையில் கட்டுங்கள். பிறந்ததும் தாதி கேட்டால், வெளியே நிற்பவர் பையைக் கிளறாமல் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.

பால்மா, சூப்பிப் போத்தல் வேண்டாம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குவதே நல்லது. நகையை வீட்டில் விடுங்கள். மிச்ச உடுப்பை அம்மா பார்க்க வரும்போது கொண்டுவரட்டும்.

பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ பை கட்டி முடியட்டும் என்று நிற்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். குடும்பநல மாதுவின் நம்பரையும் கணவரின் போனில் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.