பெயின்டரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய கிளினிக் பிளானும் கலர் லிஸ்டும் வந்து சேர்ந்தன. காத்திருக்கும் அறை பன்னிரண்டுக்குப் பதினாறு அடி, அதற்குள் ஏழு நிறம். குழந்தைகள் வரும் இடம், கலகலப்பாக இருக்கட்டும் என்று சொன்ன டாக்டர், அதே மூச்சில் சிம்பிளாகவும் இருக்கணும் என்றாராம். இரண்டும் எப்படி அத்தை சேரும் என்று கேட்டிருக்கிறாய். சேரும். சேர்த்துக் காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் 1902-இல் குவாதலஹாராவில் பிறந்து, இன்ஜினீயரிங் படித்தவர். 1980-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்றார். மெக்சிகோ நகரத்தில், சாதாரண மக்கள் வசிக்கும் தகுபாயா பகுதியில் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு 1948-இல் முடிந்தது. 2004 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சிமென்ட் பூச்சு முகப்புதான், தேடிப் போகிறவர்கள்கூடத் தாண்டிப் போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் மஞ்சள் வெளிச்சம் கசியும் சின்ன இடைவழி. அதன் கதவைத் திறந்தால், எரிமலைக் கல் பாவிய கறுத்த தரை, பெரும்பாலும் வெள்ளைச் சுவர்கள், நடுவில் பளீரென்று ஒரு பிங்க் சுவர். மாடிப்படித் திருப்பத்தில் மத்தியாஸ் கோரிட்ஸ் என்ற கலைஞர் செய்த தங்கப் பலகை ஒன்று இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து அந்தக் கூடத்தையே சூடேற்றுகிறது. இவ்வளவுக்கும் அங்கே பூசிய நிறம் என்று எண்ணினால் ஒரு கை விரல்கூட நிரம்பாது.

இந்த நிறங்கள் அவருக்கு ஷேடு கார்டிலிருந்து வரவில்லை. சூச்சோ ரெயெஸ் என்று ஒரு நண்பர் இருந்தார். பழம்பொருள் சேகரிப்பவர், ஓவியர். மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் சேவலும் குதிரையும் தேவதைகளுமாக வரைந்து தள்ளியவர். பர்ரகான் நிறத்துக்கு யோசனை கேட்டது அவரிடம்தான். இன்னொரு பழக்கத்தையும் பர்ரகானே சொல்லியிருக்கிறார். கட்டடம் எழும்பி முடிந்த பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசிப்பாராம். அதுவும் உடனே அல்ல. காலை, மதியம், சாயங்காலம் என்று வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து கிரிகோ, மக்ரித் முதலியவர்களின் ஓவியப் புத்தகங்களைப் புரட்டுவார். பிறகு பெரிய பெரிய அட்டைகளில் நிறம் பூசச் சொல்லி, சுவரில் சாய்த்து வைத்து, நாட்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்ப்பார். எமல்ஷன் டப்பாவைத் திறப்பதெல்லாம் அதற்கப்புறம்.

அவர் வீட்டில் ஜோசப் ஆல்பர்ஸின் சதுர ஓவியம் ஒன்றின் பிரதி மாட்டியிருக்கிறது. ஆல்பர்ஸ் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போனவர். 1950 தொடங்கி 1976-இல் சாகும்வரை, சதுரத்துக்குள் சதுரம் என்ற அந்த அமைப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஹார்ட்போர்டில், டியூபிலிருந்து நேராக எடுத்த பெயின்ட்டைக் கத்தியால் இழுத்துப் பூசுவார்; எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று பலகையின் பின்பக்கம் எழுதி வைப்பார். வடிவத்தை அவ்வளவு ஒடுக்கியதால்தான் நிறங்கள் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பது வெளியே தெரிந்தது. ஒரே நிறத்தை இரண்டு பின்னணியில் வைத்து இரண்டு நிறமாகத் தெரிய வை என்பது அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. கலர் பேப்பரை வெட்டி நீயும் செய்துபார், ஒரு சாயங்காலம் போதும்.

செய்தபின் உன் லிஸ்டைத் திரும்ப எடு. அறையின் தரை பழைய சிவப்பு ஆக்சைடு என்று பிளானில் குறித்திருக்கிறாய், ஆனால் அதை நிறமாக எண்ணவே இல்லை. அந்த அறையின் முதல் நிறமே அதுதான், கயல். நீ எழுதியிருக்கும் சாம்பல், அந்தச் சிவப்பின் பக்கத்தில் லேசாகப் பச்சை தட்டும். மேற்கு ஜன்னல் பக்கம் போட்ட ஆரஞ்சு, நாலு மணி வெயிலில் காய்ச்சல்காரனை இன்னும் காயவைக்கும்.

இன்னொன்று. இப்போது காபிக் கடை, துணிக்கடை எங்கே போனாலும் 'பர்ரகான் பிங்க்' என்கிறார்கள். பிங்கை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கு இடம் விட்ட வெள்ளைச் சுவர்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த வெயில் வேறு. திருச்சியில் டியூப்லைட்டுக்கு அடியில் அதே பிங்க் பிளாஸ்டிக் பக்கெட் மாதிரிதான் நிற்கும். அவரிடம் எடுக்க வேண்டியது வேலை செய்யும் முறையை.

வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தெரியும். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த லூயி கான், கலிபோர்னியாவில் சால்க் ஆய்வு நிறுவனத்தைக் கட்டியபோது, நடு முற்றத்தில் தோட்டம் போட நினைத்து இவரை அழைத்தார். மரமும் வேண்டாம் செடியும் வேண்டாம், கல் பாவிய வெறும் முற்றமாக விடுங்கள் என்றார் பர்ரகான். இன்றும் அங்கே மெல்லிய நீர்க்கோடு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

உன் அறைக்கு வருகிறேன். கூரையும் மூன்று சுவரும் வெள்ளை. நீலம் கலக்காத வெள்ளை. பெஞ்சில் உட்கார்ந்த குழந்தைக்கு நேரே தெரியும் அந்த ஒரு சுவருக்கு மட்டும் நிறம். கார்ட்டூன் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், இதில் நான் பிடிவாதம்தான். என்ன நிறம் என்று நான் சொல்லமாட்டேன். நாலடிக்கு நாலடி அட்டையில் மூன்று நிறம் பூசி அங்கே சாய்த்து வை. காலை பத்து மணிக்கு ஒரு தடவை, வெயில் ஏறும் நேரம் ஒரு தடவை, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவை பார். போனில் படம் எடுத்து முடிவு பண்ணாதே, கேமரா நிறத்தை மாற்றிக் காட்டும்.

செவ்வாய்க்கிழமை பெயின்டர் வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் கழித்து வரச் சொல். டாக்டர் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை