கிட்டாரின் மெட்டுகளை அறிவோம்

தோழியரே! கிட்டார் பழகுவோர் பலர், படத்தைப் பார்த்து விரல் பதித்து, நான்கைந்து கார்டுகளோடு நின்றுவிடுகின்றனர். பாடுபவள், “சுருதி உச்சமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கு” என்றால் கை திகைத்துப் போகிறது. படம் விரலுக்கு இடம் காட்டும்; சுரத்தின் பெயரைச் சொல்லாது.

தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை, விரல் வைக்காமல் மீட்டினால் ஒலிப்பவை இ, ஏ, டி, ஜி, பி, இ. வீணையைப் போலக் கிட்டாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஒரு மெட்டு ஏறினால் அரைச் சுரம் ஏறும். பி-யை அடுத்த மெட்டிலேயே சி; இ-யை அடுத்து எஃப். மற்றச் சுரங்களுக்கு நடுவே ஒரு மெட்டு தாண்ட வேண்டும். 12-ஆம் மெட்டு தந்தியின் சரிபாதி. அங்கே அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

மேஜர் கார்டு என்பது மூன்று சுரங்களின் கூட்டு: மூல சுரம், அதிலிருந்து 4 மெட்டு, பின்னும் 3 மெட்டு. சி-யில் தொடங்கினால் சி, இ, ஜி. நடுச் சுரத்தை ஒரு மெட்டு இறக்கினால் மைனர். இ மேஜரைப் பிடித்து, மெல்லியதிலிருந்து மூன்றாம் தந்தியிலுள்ள சுட்டுவிரலை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரே விரலில் குதூகலம் ஏக்கமாகிவிடும்!

இனிப் பாடுபவளுக்கு வருவோம். டி, ஜி, ஏ கார்டுகளில் அமைந்த பாட்டை 2 மெட்டு இறக்கினால் சி, எஃப், ஜி. (எஃப் பிடிக்க முதலில் விரல் நோகத்தான் செய்யும்.)