துறைமுகமும் மூளையுறைச் சுரமும்

முன்னாளில் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துச் சலாபம் நிகழுங்காலத்து, வெறும் மணற்பரப்பு சில நாட்களுள் ஓர் ஊராகிவிடும். நெருங்கிய ஓலைக்குடில்களிற் கொள்ளைநோய் புகுந்தால் சலாபமே கலையும். 1961-ஆம் ஆண்டோடு சலாபம் நின்றது. நோயை முன்னறிந்து காத்தல் வேண்டும் என்னும் பாடமோ நிற்கின்றது. அப்பாடத்தை ஈண்டு வேறொரு நோயின்மேல் வைத்து ஆராய்வோம்.

அது மெனிங்கோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரால் வரும் மூளையுறைச் சுரம். 1887-இல் வியன்னா மருத்துவர் வைக்ஸல்பாம் அவ்வுயிரைப் பிரித்தறிந்தார். தீங்கு செய்யாமலே அது பலர் தொண்டையில் தங்கும்; நெருங்கி வாழ்வோரிடையே எச்சில், இருமல் வழியாய்ப் பரவும்; சிலருக்கு மட்டும் இரத்தத்திலும் மூளையுறையிலும் புகும். கடுஞ்சுரம், தலைவலி, கழுத்து விறைப்பு, அழுத்தினும் மறையாத செம்புள்ளிகள் என்பன அதன் குறிகள். மருந்தின்றேல் நோயுற்றோரிற் பாதிப்பேர்வரை மடிவர். சிலர் ஒரே நாளில் மடிவர். பிழைத்தோரிலும் சிலர் செவிப்புலன் இழப்பர்.

இந்நோயாளரைக் கணக்கெடுப்பதாற் பயன் யாதெனின், கூறுவோம். இவ்வுயிரில் 12 வகைகள் உள. அவற்றுள் 6 வகைகளே பெருநோய் விளைப்பன. ஒரு வகைக்குரிய தடுப்பூசி மற்றொன்றைத் தடாது. தில்லியில் 1966, 1985, 2005-ஆம் ஆண்டுகளிலும், மேகாலயத்தில் 2008-09-இலும் பரவியது ஏ வகை. ஆப்பிரிக்காவில் 2010 முதல் புனே நகரிற் செய்த ஏ வகைத் தடுப்பூசி இடப்பட, அவ்வகை அங்கு அருகிற்று. பிற வகைகள் தலையெடுத்ததைக் கணக்கே காட்டிற்று. ஆகவே ஐவகைக்கும் ஒன்றான ஊசி புனேயிலேயே உருவாகி, 2024-இல் நைஜீரியாவில் முதன்முதல் வழங்கப்பட்டது.

நம் நாட்டில் 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், சுகாதார ஊழியர் குறிகண்டும், மருத்துவர் நோய் துணிந்தும், ஆய்வுக்கூடத்தார் சோதித்தும் அறிக்கை விடுப்பர். துறைமுகத்திலும், வரும் கப்பலில் நோயாளர் இருப்பின் மாலுமித் தலைவர் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தல் அனைத்துலக விதி.

ஆயினும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்டபின் எடுக்கும் தண்டுவட நீரில் அவ்வுயிர் பெரும்பாலும் வளர்வதில்லை. அந்நோயாளர் பெயரறியாச் சுரமாய்க் கணக்கினின்றும் நழுவுவர். அதற்காக மருந்தைத் தாமதித்தலும் ஆகாது. இரத்தத்தையேனும் எடுத்துக்கொண்டு உடனே மருந்தளித்தலே முறை.

மாணவ நண்பர்களே! விடுதியில் நெருங்கி உறைவோர் நாம். தோழன் ஒருவன் கடுஞ்சுரத்தோடு கழுத்தசைக்கவும் இயலாதிருப்பின், விடியட்டும் என்று காத்திராதீர். அவ்விரவே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவனுடன் உறைந்தோரும் மருத்துவர் சொற்படி தடுப்பு மருந்து உண்ணக் கடவர். நாட்டின் கணக்கு தொடங்குவது அவ்வோரறையிலேயாம்.