விலையைக் கூட்டிப் பாருங்கள்

ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் தண்டவாளத்தையும் பாலத்தையும் அளந்து பிழைத்தவன் நான். டிப்ளமோ படிப்புக்கு மேல் கணக்கு தெரிந்தவன் அல்லன். ஆயினும் சென்ற மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் என் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயம், இந்தப் பாடத்தை எழுத என்னைத் தூண்டியது.

என் தம்பி மகன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஒருநாள் கைபேசியை நீட்டி, "பெரியப்பா, பத்து அணி விளையாடும் கோப்பை இது. இந்த அணி ஜெயிக்கும் என்ற சீட்டு ஐம்பது காசுதான். ஜெயித்தால் பத்து ரூபாய். இது சூதாட்டம் இல்லை, கணக்கு!" என்றான். விலைகளைப் பார்த்தேன். ஐம்பது காசு என்றால் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்று மனக்கணக்குப் போட்டு, நானும் தலையாட்டினேன். இரண்டு மாதத்தில் மெஸ் பணம் 22,000 ரூபாய் போய்விட்டது. அவன் செய்த தவறில் என் தலையாட்டலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் பிறகு உட்கார்ந்து படித்தேன்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கணிப்புச் சந்தை என்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1988 அதிபர் தேர்தலிலேயே இதை ஆராய்ச்சிக்காக நடத்தியது. நியூஸிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் பெயரில் பிரெடிக்ட்இட் என்ற சந்தை 2014இல் தொடங்கியது. ஒரு வேட்பாளர் வென்றால் சீட்டுக்கு 100 சென்ட், தோற்றால் ஒன்றுமில்லை. சீட்டு 30 சென்ட்டுக்கு விற்றால், அவர் வெல்ல நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று ஊர் நினைப்பதாகப் பொருள்.

இருவர் மோதும் தேர்தலில் இது எளிது. இருபது பேர் மோதினால்? அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

ஜார்ஜியா, 2020

ஜார்ஜியா மாநில செனட்டர் ஜானி ஐசக்சன் உடல்நலக் குறைவால் 2019 இறுதியில் பதவி விலகினார். ஆளுநர் பிரையன் கெம்ப், கெல்லி லெஃப்லரை அந்த இடத்தில் நியமித்தார். மீதிக் காலத்துக்கான சிறப்புத் தேர்தல் 2020 நவம்பர் 3 அன்று நடந்தது. கட்சிக்குள் முன்தேர்தல் கிடையாது. எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில். மொத்தம் 20 பெயர்கள். பாதிக்கு மேல் யாரும் பெறாவிட்டால், முதல் இருவருக்குள் மறுசுற்று.

ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் சுமார் 33 சதவீதம் பெற்றார். குடியரசுக் கட்சியின் லெஃப்லர் 26, அதே கட்சியின் டக் காலின்ஸ் 20. மற்ற பதினேழு பேரில் ஒருவர்கூட 7 சதவீதத்தைத் தொடவில்லை. 2021 ஜனவரி 5 மறுசுற்றில் வார்னாக் 51 சதவீதம் பெற்று வென்றார். ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் அவர்தான்.

முதல் பாடம்: விலை வேறு, வாக்கு வேறு

நவம்பரில் 33 சதவீத வாக்கு பெற்றவர் வெல்ல வாய்ப்பும் 33தான் என்று எண்ணக் கூடாது. வெற்றிக்கு இரண்டு கதவு: மறுசுற்றுக்குப் போக வேண்டும், அங்கே ஜெயிக்கவும் வேண்டும். நாக்பூரில் வண்டி மாறிப் போகிறவருக்கு இது தெரியும். முதல் வண்டி நேரத்துக்கு வர வேண்டும், அடுத்ததில் இடமும் கிடைக்க வேண்டும். ஒருவர் மறுசுற்றுக்குப் போக 60 சதவீத வாய்ப்பு, போனால் வெல்ல 55 என்றால், பெருக்கினால் 33. ஆகவே சந்தையில் ஒரு விலையைப் பார்த்தால், கேள்வி "முதலிடம் யார்" என்பதா, "கடைசியில் பதவி யாருக்கு" என்பதா என்று முதலில் வாசியுங்கள்.

இரண்டாம் பாடம்: கூட்டிப் பாருங்கள்

ஒருவர்தான் வெல்ல முடியும். எனவே எல்லா விலைகளையும் கூட்டினால் 100 வர வேண்டும். புரிவதற்காக நானே சில விலைகளை வைத்துக்கொள்கிறேன். முதல் மூவர் 52, 34, 18, கூட்டினால் 104. மீதி 17 பேருக்கும் தலா 1 சென்ட். அதற்குக் கீழே விலையே கிடையாது. மொத்தம் 121!

இந்த 21 எங்கிருந்து வந்தது? சர்வே சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் சங்கிலி தேய்ந்து 2 சென்டிமீட்டர் நீண்டுவிட்டால், ஒருமுறை அளக்கும்போது தெரியாது. நூறு முறை அளந்தால் 2 மீட்டர் பிசகும். கூடுவதும் குறைவதுமாக வரும் பிழை தானே ஈடாகிவிடும். ஒரே பக்கம் வரும் பிழை சேர்ந்துகொண்டே போகும். சிறு வேட்பாளர்களின் விலைப் பிழை எப்போதும் மேல் பக்கமே.

சரி, 121ஆல் வகுத்துவிடலாமா? அப்படிச் செய்தால் முதல்வருக்கு 43. அந்தப் பதினேழு பேரில் யாராவது ஒருவர் வெல்ல வாய்ப்பு 14, அதாவது ஏழில் ஒன்று! இது நடக்கிற காரியமா? பிழை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் கழிக்க வேண்டும். தூசியைத் தட்டிவிட்டு, மூவரை மட்டும் 104ஆல் வகுத்தால் 50, 33, 17 வரும். நம்பத் தக்க கணக்கு இதுதான்.

மூன்றாம் பாடம்: தூசி ஏன் நிற்கிறது?

'இவர் வெல்லமாட்டார்' என்ற சீட்டை 99 சென்ட்டுக்கு வாங்கி ஒரு சென்ட் சம்பாதிக்கலாமே என்பீர்கள். அந்தத் தேர்தல் நடந்தபோது பிரெடிக்ட்இட்டில் லாபத்தில் 10 சதவீதமும், பணத்தை வெளியே எடுக்கும்போது 5 சதவீதமும் கட்டணம். 99.9 சென்ட்டை எடுக்கப் போனால் சுமார் 5 சென்ட் போய்விடும். ஒரு சென்ட் லாபத்துக்கு ஐந்து சென்ட் செலவு! அப்போது ஒருவர் ஒரு சீட்டில் 850 டாலருக்கு மேல் போடவும் முடியாதிருந்தது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சிறு விலைகளைத் தொடுவதில்லை. ஆசைப்படுகிறவர்கள் மட்டும் வாங்குகிறார்கள். குதிரைப் பந்தயத்தில், வெல்லாத குதிரைக்கு ஜனங்கள் அதிக விலை கொடுப்பதை 1949லேயே ஓர் ஆய்வாளர் எழுதிவிட்டார்.

என் தம்பி மகன் வாங்கியதெல்லாம் இந்தத் தூசிதான். அன்று நான் பத்து அணிகளின் விலையையும் கூட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஒற்றை விலையைப் பார்த்துத் தலையாட்டினேன்; காகிதத்தை எடுக்கவில்லை.

2025 ஆகஸ்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்திருக்கிறது. ஆட்டம் நின்றாலும், "இவர் வெல்ல இத்தனை சதவீத வாய்ப்பு" என்ற செய்திகள் வெளிநாட்டுச் சந்தைகளிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள்: கேள்வி என்ன என்று வாசியுங்கள், எல்லா விலையையும் கூட்டுங்கள், தூசியைத் தட்டுங்கள். பணம் மட்டும் போடாதீர்கள்.

தம்பி மகனுக்கு மாதம் இரண்டாயிரம் வீதம் நான் அனுப்பி, கடன் அடைந்துவிட்டது. போன வாரம் பேசியபோது, "பெரியப்பா, இப்போதெல்லாம் ஹோட்டல் பில்லைக்கூடக் கூட்டிப் பார்க்கிறேன்" என்றான். அது போதும் எனக்கு.